விண்டோஸ் 10-ஐ முழுசாக விட்டு லினக்ஸ்: பாமினி கடிதங்கள், ஸோஜி கணக்குகள் என்ன ஆகும்?

தாம்வே_வாசகன் (யாங்கோன்)

எல்லோருக்கும் வணக்கம். மடிக்கணினி ஒன்றை விண்டோஸே இல்லாமல் லினக்ஸுக்கு மாற்ற வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம், ஒன்று போதும்.

இயந்திரம்: இன்டெல் ஐ5, 5-ஆம் தலைமுறை. 8 ஜிபி ரேம், 500 ஜிபி சுழலும் ஹார்ட் டிஸ்க். பேட்டரி செத்த மாதிரிதான், கரண்ட் போனால் சில நிமிடம் தாங்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தச் சிப்பை ஏற்காது.

உள்ளே இருப்பவை:
- கோயில் நோட்டீஸ், அழைப்பிதழ், சங்கக் கடிதம். எல்லாம் வேர்டில், பாமினி எழுத்துருவில்.
- கடைக் கணக்கு எக்செல்லில். சரக்குப் பெயரெல்லாம் பர்மீஸ், பழையவை ஸோஜி எழுத்துரு. போனிலிருந்து ஒட்டிய புதியவை யூனிகோடாக (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இருக்கலாம்.
- பிரிண்டர் கேனான் எல்பிபி 2900.

எந்த லினக்ஸ், எந்த வரிசையில் செய்வது, எதில் மாட்டிக்கொள்வேன்? இணையம் நாள் முழுக்க இருக்காது என்பதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

கருவிப்பெட்டி

தம்பி, முதல் வேலை லினக்ஸ் இறக்குவது இல்லை. ஒரு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) வாங்குங்கள், 240 ஜிபி போதும். கூடவே ஒரு யூஎஸ்பி கேஸ். பழைய டிஸ்க்கைக் கழற்றி அந்தக் கேஸில் போட்டு அலமாரியில் வையுங்கள். லினக்ஸ் புது எஸ்எஸ்டியில் ஏறட்டும். அழிக்கும் வேலையே இல்லை, பழைய டிஸ்க் அப்படியே முழு நகலாக இருக்கும். இந்த ஏப்ரல்–மார்ச் கணக்கு ஆண்டு முடியும் வரை அதில் எதையும் எழுதாதீர்கள். 5-ஆம் தலைமுறை இயந்திரம் மெதுவாக இருப்பதற்குக் காரணம் சிப் இல்லை, அந்தச் சுழலும் டிஸ்க்தான். பழைய மடிக்கணினி சிலவற்றில் டிஸ்க் தடிமன் 9.5 மிமீ, எஸ்எஸ்டி 7 மிமீ. ஆடினால் ஓரத்தில் ஒட்டும் சட்டம் வேண்டும், சில எஸ்எஸ்டி பெட்டியிலேயே வரும்.

கழற்றும் முன் விண்டோஸில் இரண்டு காரியம். ஒன்று, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் அணைத்து, முழுதும் பூட்டு அவிழும் வரை காத்திருங்கள். மீட்புச் சாவி இல்லாமல் கழற்றினால் லினக்ஸில் அந்த டிஸ்க் திறக்காது. இரண்டு, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு 'ஷட்டவுன்' கொடுங்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' இருந்தால் சாதாரண ஷட்டவுன் பாதி உறக்கம்தான்; அந்த நிலையில் கழற்றிய விண்டோஸ் பகுதியை (என்டிஎஃப்எஸ்) லினக்ஸ் படிக்க மட்டும் விடும், சில நேரம் ஏற்றவே மறுக்கும்.

எந்த லினக்ஸ்: லினக்ஸ் மின்ட் 22 வரிசை. உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை ஆதரவு உண்டு. 8 ஜிபி ரேமுக்கு சினமன் பதிப்பே ஓடும். 4 ஜிபி என்றால் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுக்கச் சொல்லியிருப்பேன். உபுண்டுவை விட மின்ட்டைச் சொல்வதற்கு நம் ஊர்க் காரணம் ஒன்று உண்டு. மின்ட்டில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி சாதாரண டெப் தொகுப்பாக வருகிறது, சார்புகளையும் சேர்த்துச் சுமக்கும் ஸ்னாப் தொகுப்பாக இல்லை. மெல்லிய இணைப்பில் டெப் தொகுப்புதான் சிக்கனம். அதே காரணத்துக்காக ஃபிளாட்பேக் என்ற இன்னொரு தொகுப்பு வகையையும் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள்; ஒரு சின்ன செயலி கேட்டால் அதன் அடித்தளம் என்று பல நூறு எம்பி சேர்த்து இழுக்கும்.

ஐஎஸ்ஓ கோப்பு (லினக்ஸ் நிறுவும் முழுப் பொதி) சுமார் 3 ஜிபி. இதை இறக்குவதையும் பென் டிரைவ் தயாரிப்பதையும் டிஸ்க்கைக் கழற்றும் முன்பே விண்டோஸில் முடித்துவிடுங்கள். உலாவியில் இறக்காதீர்கள், டோரன்ட்டில் இறக்குங்கள். இணைப்பு எத்தனை முறை அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்துக்கொள்ளும். வேறு யாரிடமாவது பென் டிரைவில் வாங்கினால், பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளை கொடுத்து வரும் 64 இலக்க ஷா-256 எண்ணை மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடாமல் போடவே கூடாது. பாதி கெட்ட ஐஎஸ்ஓ நிறுவலின் நடுவில்தான் காலை வாரும்.

8 ஜிபி பென் டிரைவில் வென்டாய் (பென் டிரைவிலிருந்து துவங்க வைக்கும் கருவி) நிறுவி, ஐஎஸ்ஓவை அப்படியே நகலெடுத்துப் போட்டால் முடிந்தது. துவக்கப் பட்டியலுக்கு லெனோவோ, டெல் என்றால் எஃப்12. ஹெச்பி என்றால் எஃப்9. நிறுவும் முன் லைவ் நிலையிலேயே (பென் டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓடும் நிலை) வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று எல்லாம் பாருங்கள். வைஃபை தெரியாவிட்டால் பதற வேண்டாம், போனை யூஎஸ்பியில் செருகி 'டெதரிங்' போட்டால் கம்பி இணைப்பு போல வேலை செய்யும். பிராட்காம் சிப் என்றால் அதன் டிரைவர் மின்ட் பென் டிரைவிலேயே இருக்கிறது, 'டிரைவர் மேனேஜர்' வழியே இணையம் இல்லாமலே ஏற்றலாம். அப்போது செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் துவக்கத்தில் தடுக்கும் வசதி) இயக்கத்தில் இருந்தால் ஒரு கடவுச்சொல் கேட்டு, அடுத்த துவக்கத்தில் நீலத் திரை வரும். அங்கே 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்து அதே கடவுச்சொல் கொடுக்க வேண்டும். பலர் அந்தத் திரையை அப்படியே தாண்டிவிட்டு டிரைவர் வேலை செய்யவில்லை என்பார்கள்.

நிறுவியில் டிஸ்க்கே தெரியாவிட்டால் பயாஸில் (கணினி திறக்கும்போது நுழையும் அடிப்படை அமைப்புத் திரை) சாட்டா 'ரெய்டு' அல்லது 'ஆர்எஸ்டி' நிலையில் இருக்கும், 'ஏஹெச்சிஐ' ஆக்குங்கள்.

டிஸ்க்கைப் பிரிப்பது: துவக்கத்துக்கு இஎஃப்ஐ 512 எம்பி, அமைப்புக்கு ரூட் 50 ஜிபி, மீதி எல்லாம் உங்கள் கோப்புகளுக்கு ஹோம். ஹோம் தனியாக இருந்தால் நாளைக்கு மறுபடி நிறுவ நேர்ந்தாலும் கோப்புகள் தொடப்படாது. ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுக்கும் இடம்) தனிப் பகுதி வேண்டாம், கோப்பாகத் தானே உருவாகும். நேர வலயத்தில் யாங்கோன் தேர்ந்தெடுங்கள். பழைய மென்பொருள் சிலவற்றில் ரங்கூன் என்றே இருக்கும், இரண்டும் ஒரே 6:30 தான்.

விசைப்பலகை_மோல்மேன்

கருவிப்பெட்டி அண்ணன் சொன்ன வரிசையில் ஒரே ஒரு மாற்றம். டிஸ்க்கைக் கழற்றும் முன், விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே எழுத்து வேலையைத் தொடங்குங்கள்; பாமினி வேலை அங்கேயே முடியட்டும், ஸோஜி மாற்றம் மட்டும் லினக்ஸில். லினக்ஸ் நிறுவுவது ஒரு மணி நேர வேலை. பாமினியும் ஸோஜியும்தான் உண்மையான இடமாற்றம். இரண்டின் நோயும் வேறு, மருந்தும் வேறு.

பாமினி கோப்பில் தமிழே கிடையாது. 'அம்மா' என்று நீங்கள் பார்ப்பது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துருதான் தமிழ் வேடம் போடுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். பாமினி எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நகலெடுத்துப் போட்டால் லிப்ரெஆபீஸிலும் (வேர்டு, எக்செல்லுக்கு ஈடான திறமூலத் தொகுப்பு) அதே வேடம் தொடரும். தேடல், அகரவரிசை, போனில் பகிர்தல் எதுவும் நடக்காது.

எல்லாவற்றையும் மாற்ற முயலாதீர்கள், வீண் உழைப்பு. முடிந்துபோன நோட்டீஸ், பழைய கடிதங்களை விண்டோஸிலேயே எழுத்துரு பொதித்த பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். என்றைக்கும் அச்சு அப்படியே இருக்கும். ஆண்டுதோறும் தேதி மட்டும் மாற்றி எடுக்கிற தீமிதி நோட்டீஸ், ரசீது மாதிரி, உறுப்பினர் பட்டியல் போன்ற உயிருள்ள கோப்புகளை மட்டும் யூனிகோடாக்குங்கள்.

அதில் பொறி எங்கே என்றால், நோட்டீஸில் ஆங்கிலமும் கலந்திருக்கும். மொத்தப் பக்கத்தையும் மாற்றியில் ஒட்டினால் தெருப் பெயரும் மின்னஞ்சலும் பொருளற்ற தமிழாகிவிடும். ஆகவே லிப்ரெஆபீஸில் 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' திறந்து, 'ஃபார்மட்' பொத்தானில் எழுத்துருவைப் பாமினி என்று வைத்து, 'ஃபைண்ட் ஆல்' கொடுங்கள். பாமினியில் உள்ளவை மட்டும் தேர்வாகும். அப்படியே மஞ்சள் பின்னணி கொடுத்துவிடுங்கள். இனி மஞ்சளை மட்டும் துண்டு துண்டாக மாற்றி ஒட்டினால் போதும். கோப்புகள் நிறைய என்றால் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் பாமினி, டிஸ்கி முதலிய பழைய குறியீடுகளை யூனிகோடாக்கும் பகுதி இருக்கிறது, மேக்ரோவாக (தானே ஓடும் சிறு நிரல்) எழுதிவிடலாம்.

மாற்றியதும் எழுத்து திடீரென்று சிறுத்துவிட்டதே என்று தோன்றும். லிப்ரெஆபீஸ் ஒவ்வொரு நடைக்கும் மேற்கத்திய எழுத்துக்கு ஒரு எழுத்துரு–அளவு, சிக்கலான வரிவடிவத்துக்கு இன்னொரு எழுத்துரு–அளவு என்று தனித்தனியே வைத்திருக்கும். பாமினி ஆங்கிலக் குறி என்பதால் முதல் கணக்கில் 16 புள்ளியில் இருந்தது; யூனிகோடு தமிழ் இரண்டாம் கணக்குக்குப் போய் 12 ஆகிவிடுகிறது. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' இயக்கினால் அந்த அளவும் தெரியும், மாற்றலாம். நமக்கு இதில் கூடுதல் சங்கடம் ஒன்று: தமிழும் பர்மீஸும் இரண்டும் அந்த ஒரே கணக்கில்தான். ஒரு நடையில் ஒரு எழுத்துருதான் வைக்க முடியும். ஆகவே 'தமிழ்ப் பத்தி', 'பர்மா பத்தி' என்று இரண்டு நடை செய்துவைத்துக்கொள்ளுங்கள். முதலாவதற்கு நோட்டோ செரிஃப் தமிழ், இரண்டாவதற்குப் பதௌக் அல்லது ப்யிடாங்சு.

இனி ஸோஜி. இது யூனிகோடின் பர்மீஸ் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு வேறு ஒழுங்கில் எழுதுகிறது. நம் 'கெ'-யில் கொம்பு பார்வைக்குக் ககரத்துக்கு முன்னால் நின்றாலும் யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. பர்மீஸ் யூனிகோடும் அப்படியே. ஸோஜியோ கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே கொம்பை முதலில் வைக்கும். இரண்டும் ஒரே எண்களைப் பயன்படுத்துவதால் கணினியால் எளிதில் பிரித்தறிய முடியாது. நாடு 2019 அக்டோபர் 1-இல் யூனிகோடுக்கு மாறியது, உங்கள் கோப்பு அதற்கு முன்னும் பின்னும் கலந்த ஒன்று.

எக்செல்லுக்கு நல்ல வழி: லிப்ரெஆபீஸ் கால்க்கில் திறந்து 'ஃபிளாட் எக்ஸ்எம்எல்' ஓடிஎஃப் ஆகச் சேமியுங்கள். கோப்பு முழுக்க ஒரே எழுத்து நீரோட்டமாகிவிடும், சூத்திரங்கள் கெடாது. லினக்ஸில் ஐசியூ-டெவ்டூல்ஸ் தொகுப்பை நிறுவினால் யூகான்வ் என்ற கருவி வரும். ஐசியூ என்ற யூனிகோடு நூலகத்துக்குள்ளேயே ஸோஜியிலிருந்து பர்மீஸ் யூனிகோடுக்கு மாற்றும் விதி இருக்கிறது. கோப்பை அதன் வழியே செலுத்துங்கள். ஆங்கிலமும் எண்ணும் தொடப்படாது. தாள் பெயரும் அதைச் சுட்டும் சூத்திரமும் சேர்ந்தே மாறும், வெறும் எழுத்தாக்கும் சிஎஸ்வி வழியே போனால் இந்த வசதி இல்லை.

ஆனால் ஏற்கெனவே யூனிகோடில் உள்ள அறைகளும் இதில் மாட்டினால் அவை சிதைந்துபோகும், திரும்பி வராது. அதனால் முதலில் ஸோஜி வரிசைகளையும் யூனிகோடு வரிசைகளையும் தனித்தனிக் கோப்பாக்கி, ஸோஜி கோப்பை மட்டும் செலுத்துங்கள். கண்ணால் பிரிக்க எளிய உபாயம்: முழுப் பத்தியையும் பதௌக்கில் காட்டுங்கள், உடைந்து தெரிபவை ஸோஜி. ஆயிரக்கணக்கில் இருந்தால் கூகுள் வெளியிட்ட மியான்மர்-டூல்ஸ் நூலகம் ஒவ்வொரு அறைக்கும் 0-இலிருந்து 1 வரை ஸோஜியாக இருக்கும் வாய்ப்பைச் சொல்லும். ஓரிரு எழுத்து மட்டும் உள்ள அறைகளில் அதுவும் தடுமாறும், அவற்றைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கை: ஸோஜி-ஒன் எழுத்துருவை லினக்ஸில் நிறுவவே நிறுவாதீர்கள். தானும் பர்மீஸ் எழுத்துரு என்று அது அறிவிப்பதால், அமைப்பு பல இடங்களில் அதையே எடுத்துக்கொள்ளும். அதன்பின் உலாவியில் நல்ல யூனிகோடு பக்கங்களும் உடைந்து தெரியும், பழியை லினக்ஸ் மேல் போடுவீர்கள்.

தட்டச்சு: அமைப்புகளின் விசைப்பலகைப் பகுதியில் 'பர்மீஸ்' என்றும் 'பர்மீஸ் ஸோஜி' என்றும் இருக்கும். முதலாவதைச் சேருங்கள். மோன், ஷான் எழுத்துக்கும் தனி அமைப்பு உண்டு, எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மகிழ்ச்சியான செய்தி. தமிழுக்கு ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவி, 'இன்புட் மெத்தட்'-இல் ஐபஸ் தேர்ந்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். வெளியேறாமல் தேடினால் பட்டியலில் தமிழே வராது. பாமினியில் அடித்துப் பழகிய விரலுக்கு டைப்ரைட்டர் அமைப்பு நெருக்கம். வீட்டில் பிள்ளைகள் புதிதாகப் பழகுவதானால் தமிழ்99. பட்டியலில் ஆங்கிலம் முதலில் இருக்கட்டும், இல்லையென்றால் உள்நுழையும் திரையில் கடவுச்சொல் பர்மீஸாக விழும்.

தாம்வே_வாசகன் (யாங்கோன்)

ரொம்ப நன்றி. எக்செல் கணக்கில் மேக்ரோ இல்லை, வெறும் கூட்டல்–பெருக்கல்தான். பிரிண்டர் பற்றி யாரும் சொல்லவில்லையே? கரண்ட் போகும் நேரத்தில் நிறுவிக்கொண்டிருந்தால்? பின்னாளில் புதுப்பிப்பு ஓடும்போது போனால்?

பெகு_மின்வலை

கரண்ட் விஷயத்தை நான் சொல்கிறேன்.

நிறுவும்போது போனால் பெரிய நஷ்டமில்லை. எஸ்எஸ்டி புதிது, மறுபடி முதலிலிருந்து ஓட்டுங்கள். ஆபத்து பின்னால்தான். புதுப்பிப்பின் நடுவில் போனால் தொகுப்புகள் பாதி விரிந்த நிலையில் நிற்கும். அடுத்த முறை தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் கருவி ஓட மறுத்து, அதன் அடியில் உள்ள டிபிகேஜியைக் கையால் ஓட்டச் சொல்லிச் சரியான கட்டளையையும் தானே எழுதிக் காட்டும். அதை அப்படியே அடித்தால் விட்ட இடத்திலிருந்து முடிக்கும். கெர்னல் (லினக்ஸின் மையம்) மாறும்போது கரண்ட் போய், துவங்கவே மறுத்தால், திறக்கும் நேரத்தில் எஸ்கேப் விசையைத் தட்டிக் கிரப் என்ற துவக்கப் பட்டியலை வரவழைத்து, 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்'-இல் பழைய கெர்னலைத் தேர்ந்து உள்ளே போங்கள். அதனால்தான் பழைய கெர்னல் ஒன்றையாவது நீக்காமல் வைத்திருக்க வேண்டும். தானியங்கிப் புதுப்பிப்பை இயக்காதீர்கள். கரண்ட் வந்த உடனேயே தொடங்காமல், உங்கள் பேட்டையில் நிலையாக நிற்கும் நேரம் பார்த்துக் கையால் கொடுங்கள். அதற்கு முன் டைம்ஷிஃப்டில் (அமைப்பைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் கருவி) ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

கோப்பமைப்பு இஎக்ஸ்டி4 போதும். அதில் ஜர்னல் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) உள்ளதால் திடீர் அணைப்பில் அமைப்பு குலையாது. ஆனால் சேமிக்காத எழுத்து போனது போனதுதான், ஜர்னல் அதைக் காப்பாற்றாது. லிப்ரெஆபீஸில் 'லோட்/சேவ்' அமைப்பில் தானே சேமிக்கும் இடைவெளியை 2 நிமிடமாகக் குறைத்து, 'பேக்கப் காப்பி' கட்டத்தையும் தேர்ந்துவிடுங்கள். முடிந்தால் மடிக்கணினிக்குப் புதுப் பேட்டரி வாங்குங்கள், எந்த யூபிஎஸ்ஸையும் விட அதுதான் மலிவான யூபிஎஸ்.

யாரும் கவனிக்காத ஒன்று, மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி. சில மடிக்கணினிகளில் கம்பியோடு வரும். பெரிய பேட்டரியும் செத்து, கரண்டும் நெடுநேரம் இல்லாதபோது இதுவும் தீர்ந்திருந்தால் கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போய்விடும். அப்போது உலாவி எல்லாத் தளத்துக்கும் சான்றிதழ் பிழை காட்டும், ஆப்ட் 'ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்னும். இணையம் கெட்டது என்று அலைவதற்கு முன் மூலையில் தேதியைப் பாருங்கள்.

இணையத்துக்கு: 'சாஃப்ட்வேர் சோர்ஸஸ்'-இல் கண்ணாடித் தளங்களின் (மென்பொருளின் நகல் வைத்திருக்கும் தளங்கள்) வேகத்தை அளந்து காட்டும், வேகமானதை எடுங்கள். வீட்டில் இணைப்பே இல்லையென்றால் ஆப்ட்-ஆஃப்லைன் இருக்கிறது. உங்கள் கணினியில் தேவைப் பட்டியலை ஒரு சிறு கோப்பாக எடுத்து, இணையம் உள்ள இடத்துக் கணினியில் அதைக் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரே பொதியாக இறக்கித் தரும். அந்தக் கணினியிலும் அதே கருவி இருக்க வேண்டும். பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவலாம். தனித்தனி டெப் கோப்புகளைத் தேடி இறக்கினால் சார்புத் தொகுப்பு ஒன்று விட்டுப்போய் மறுபடி நடக்க வேண்டிவரும்.

கருவிப்பெட்டி

பிரிண்டர். எல்பிபி 2900 பேசுவது கேப்ட் என்ற கேனானின் சொந்த மொழி. பொதுவான அச்சு மொழிகளான போஸ்ட்ஸ்கிரிப்ட்டும் இல்லை, பிசிஎல்லும் இல்லை, ஆகவே பொது டிரைவர் எதற்கும் அடங்காது. கேனான் வெளியிட்ட லினக்ஸ் டிரைவர் பழையது, 32 பிட் நூலகங்களையும் கேட்கும். திறமூலத்தில் கேப்ட்டிரைவர் என்ற தன்னார்வப் படைப்பு இந்த மாடலையே குறிவைத்து எழுதப்பட்டது. மூலக் குறியீட்டிலிருந்து தொகுத்துக் கப்ஸ் என்ற லினக்ஸ் அச்சு அமைப்புக்கு வடிகட்டியாகச் சேர்க்க வேண்டும், அதற்கு பில்ட்-எசென்ஷியலும் கப்ஸ் மேம்பாட்டுத் தொகுப்புகளும் முன்கூட்டியே வேண்டும். வாரம் நாலு தாள் எடுப்பதற்கு இந்த உழைப்பு சரி. கடை ரசீது நாள் முழுக்க எடுப்பதானால் 2900-ஐ நம்பிக் கடை திறக்க வேண்டாம். வாங்கும்போது 'ஏர்பிரிண்ட்' அல்லது 'ஐபிபி எவ்ரிவேர்' என்று போட்ட வைஃபை பிரிண்டராகப் பாருங்கள், டிரைவரே இல்லாமல் தானாகத் தெரியும். எப்சன் எல் வரிசைக்கான டிரைவர் மின்ட் களஞ்சியத்திலேயே கிடைக்கும். ஹெச்பியின் பழைய சிறு லேசர்களில் சிலவற்றுக்கு ஹெச்பிலிப்போடு தனியுரிமச் செருகு ஒன்றையும் இறக்க வேண்டும், இணையம் இருக்கும்போதே செய்துவைத்துவிடுங்கள்.

தலைப்பில் 'முழுசாக' என்றது மூடிய மென்பொருள் எதுவுமே இல்லாத முழுச் சுதந்திரத்தை நினைத்து என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். மின்ட்டில் வைஃபை, கிராஃபிக்ஸ் சிப்களுக்கான மூடிய ஃபர்ம்வேர் (சிப்பை இயக்கும் உள் மென்பொருள்) உண்டு. அதுவும் கூடாதென்றால் டிரிஸ்குவல் என்ற முழுத் திறமூல லினக்ஸ் இருக்கிறது. ஆனால் இன்டெல் வைஃபை அதில் வேலை செய்யாது, ஏதரோஸ் ஏஆர்9271 சிப் உள்ள யூஎஸ்பி அடாப்டர் தனியாகத் தேவைப்படும். கொள்கையாக அது உயர்ந்தது, நான் மதிக்கிறேன். கடைக் கணக்கு நிற்காமல் ஓட வேண்டிய இயந்திரத்துக்கு முதல் படியாக மின்ட்டைத்தான் சொல்வேன்.

விசைப்பலகை_மோல்மேன்

பிரிண்டர் சோதிக்கும்போது வெறும் சோதனைத் தாள் எடுத்துத் திருப்திப்படாதீர்கள். தமிழும் பர்மீஸும் கலந்த ஒரு பக்கம் எடுங்கள். திரையில் சரியாக இருந்து தாளில் மட்டும் பர்மீஸ் அடுக்கெழுத்து உடைந்தால், முதலில் பிடிஎஃப் ஆக்கி அதை அச்சிட்டுப் பாருங்கள். பிடிஎஃப் சரியாக வந்தால் கோளாறு எழுத்துருவில் இல்லை, டிரைவரில்.